பேர் போட்ட நிரை

காலையில் கணினியைத் திறந்தால் கேஷிகாவுக்கு முதலில் வருவது கொட்டாவி. நோர்வூட் டவுனில், ராசிக் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலுக்கு வெளியே மழை. திரையில், உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் எழுதிவைத்திருக்கும் குறைகள். சம்பளம் தருகிற கொழும்புக் கொம்பனியின் வேலை இதற்கப்புறம்தான் தொடங்கும். இது சம்பளம் இல்லாத வேலை. விட்டுத் தொலைக்கலாம் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் ஓடிவிட்டன.

அவள் எழுதிய மென்பொருளின் பெயர் பெரட்டு. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி, இன்னாருக்கு இன்ன செடி வரிசை, இன்ன நிரை என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டுதான். கம்பஸில் கடைசி வருஷம் விளையாட்டாக எழுதியது. செய்யவேண்டிய வேலைகள் ஒரு பக்கம் வரிசையில் நிற்கும். மறுபக்கம் கன்டெய்னர்கள் வேலை கேட்டு வரும். கன்டெய்னர் என்றால் துறைமுகத்தில் இருப்பதல்ல. ஒரு சின்ன நிரலையும் அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்களையும் மட்டும் வைத்து அடைத்த பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். பெரட்டு ஆளுக்கொரு வேலையைக் கொடுத்து, அந்த வேலையின் மேல் வாங்கிய பெட்டியின் பெயரைப் போட்டு வைக்கும். வேலை முடிந்தால் பெயர் போய்விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டாள். பெரிய பெரிய கொம்பனிகள் எல்லாம் எடுத்துக்கொண்டன. நன்றி சொல்ல ஒரு நாதியில்லை, குறை என்றால் மட்டும் குதித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பெரட்டில் ஆரம்பத்திலிருந்தே ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் பெயர் போட்ட வேலையை இன்னொருவர் தொடக்கூடாது. அதை எழுதும்போது அவள் யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது.

அது அம்மாவிடமிருந்து வந்தது. அழகம்மா டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அந்த மலையில் அடுத்தவள் நிரைக்குள் கால் வைப்பது அடுத்தவள் சட்டிக்குள் கைவிடுவதற்குச் சமம். பாதியில் கிடந்தாலும் கிடக்கும், கொழுந்து முற்றினாலும் முற்றும், கங்காணி வந்து ஆளை மாற்றி விட்டாலொழிய யாரும் தொடமாட்டார்கள். ஒரு தடவை புதிதாக வந்த ஒருத்தி, பக்கத்து நிரைதானே என்று பூரணியின் நிரையில் நாலு கொழுந்தைக் கிள்ளிவிட்டாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே ரெண்டுபட்டது. பூரணி, லயத்தில் அம்மாவுக்கு அடுத்த அறையான காம்பராவில் இருப்பவள், மலையிலும் பக்கத்து நிரைக்காரி. கேஷிகாவுக்குச் சித்தி முறை. அன்றைக்குப் பூரணி சித்தி போட்ட சத்தத்தைச் சின்னப் பிள்ளையாக வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று கேட்டவள் கேஷிகா. அந்தப் பாடம் எந்தக் கம்பஸ் பாடத்தையும்விட ஆழமாக இறங்கியிருந்தது.

ஆனால் பெட்டிகள் மனுஷர்கள் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகம் போதாமல் செத்துப்போகும். செத்த இடத்தில் உடனே இன்னொன்று பிறக்கும், ஆனால் புதுப் பெயரோடு. அது வந்து பார்த்தால் வேலையின் மேல் செத்தவரின் பெயர் இருக்கும். சரி, இது வேறு ஆளுடையது என்று மரியாதையாக ஒதுங்கிப் போய்விடும். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. வேலை அப்படியே கிடக்கும்.

எங்கோ பிரேசிலில் இருந்து ஒருவர்தான் இதை முதலில் கண்டுபிடித்துக் குறையாக எழுதினார். மறுநாளே திலக்ஷன் அதன் கீழே, "இதை நான் எடுக்கிறேன்" என்று போட்டான். திலக்ஷன் பொகவந்தலாவை லயத்துப் பையன், அவளோடு ஒரே பட்ச்சில் படித்தவன், இப்போது மெல்பேர்னில் இருக்கிறான். கேஷிகா சந்தோஷமாக அந்தக் குறைக்குப் பக்கத்தில் அவன் பெயரைப் போட்டாள். அதோடு அவன் காணாமல் போனான்.

அவள் கேட்கவில்லை. செய்கிறவனைப் போய் 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று குடைவது அவளுக்குப் பிடிக்காது. இடையில் ஆயிஷா என்று முன்பின் தெரியாத ஒரு பெண், திருத்தத்தை முழுதாக எழுதியே அனுப்பிவிட்டாள். "நன்றி. ஆனால் இது திலக்ஷன் கையில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்" என்று கேஷிகா பதில் போட்டாள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தாள். கொஞ்சம் சோம்பலும் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு பாரம் இன்னொருவர் தலையில் இருக்கிறது என்றால், அது தன் தலையில் இல்லை என்கிற நிம்மதி. நாள் முழுக்கச் சுமப்பவளுக்கு அந்த நிம்மதி பெரிது.

கிடப்பில் கிடக்கும் குறைகளைத் தானாகவே மூடுவதற்கு அவள் ஒரு பொட், அதாவது ஒரு சின்ன ரோபோ நிரல், வைத்திருந்தாள். அது வந்து, "இதில் நடமாட்டம் இல்லை, விரைவில் மூடப்படும்" என்று எழுதும். உடனே யாராவது ஒருவர், "இன்னும் இருக்கிறது" என்று எழுதுவார். பொட் போய்விடும். மறுபடி வரும். மறுபடி ஒருவர், "இன்னும் இருக்கிறது" என்பார். செத்த வீட்டில் வந்து வந்து விசாரித்துப் போகிற மாதிரி இது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

இந்தப் பெரட்டைத்தான் பிரதாப் சேர் தன் மழைக் காவலுக்கு எடுத்துக்கொண்டார். ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர் அவர். மண்சரிவு வரக்கூடிய இடத்துத் தோட்டங்களில் மழைமானிகளை வைத்தார். மழை எல்லை தாண்டினால், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொல்லி ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு போன் கோல் போகவேண்டும் என்பது ஏற்பாடு. லயத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்து, அவர் கையில் சேரே ஒரு போனும் கொடுத்தார். அதன் நம்பரை வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஊர்க்கதைக்குப் பாவித்து லைனை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர் பயம். கோல் வந்து, எடுத்தவர் ஒன்றாம் இலக்கத்தை அமத்தினால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அம்மாவின் லயத்துக்குப் பொறுப்பு பூரணி சித்தி.

கேஷிகாவுக்கு வாழ்க்கையில் பெரட்டால் கிடைத்த ஒரே பெருமை அதுதான். எவனெவனோ பாவித்த சாமான் கடைசியில் அம்மாவுக்கும் உதவுகிறது.

அன்றைக்குக் காலையில் அம்மாவைப் போனில் பிடித்தாள்.

"மழ எப்பிடிம்மா?"

"கொட்டுது. அதுக்குன்னு வேல வாங்குற கண்டாக்கு விடுவாரா? மலைக்குத்தான் கெளம்பிக்கிட்டு இருக்கேன்."

"பேசாம எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்களேன்."

"பூரணிகிட்டத்தான் போன் இருக்குல்ல. கழுத்துல தாலிக்குப் பக்கத்துல தொங்கப் போட்டுக்கிட்டு திரியிறா. அதுக்குன்னே இன்னைக்கு வேலைக்கும் வரல்ல. ஒன் பெரட்டு கூப்புட்டா போயிருவோம். கூப்புடுற வரைக்கும் எதுக்குப் பயம்?"

கேஷிகா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு வாய் கசந்தது.

பின்னேரம் மழை எல்லையைத் தாண்டியது. பிரதாப் சேரின் திரையை அவளும் தன் அறையிலிருந்து பார்க்கலாம், தொடத்தான் முடியாது. லயம் லயமாக வேலைகள் வந்து வரிசையில் நின்றன. பெட்டிகள் வந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போயின. அக்கரப்பத்தனைப் பக்கத்து லயம் ஒன்று முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. அம்மாவின் லயத்துக்கு நேரே 'எடுக்கப்பட்டது' என்று வந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. எடுத்தாகிவிட்டது, இனி முடிந்துவிடும். அதற்குள் கொழும்புக் கொம்பனி மீட்டிங்குக்குக் கூப்பிட்டது. போனாள். வேலைகளை எப்படி விரைவாக முடிப்பது என்று அங்கே ஒருவர் இழுத்து இழுத்துப் பேசினார், அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து பார்த்தபோதும் அம்மாவின் லயத்துக்கு நேரே 'எடுக்கப்பட்டது' என்றே இருந்தது. மற்ற எல்லாம் முடிந்திருந்தன.

வேலையின் மேல் இருந்த பெயரைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. அது செத்துப் போயிருந்தது. பக்கத்தில் புதிதாகப் பிறந்தது வேலை ஒன்றும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அம்மாவின் போன் அடித்து ஓய்ந்தது. மலைக்குப் போகும்போது காம்பராவில் வைத்துவிட்டுப் போவது அம்மாவின் வழக்கம். பிரதாப் சேரின் போன் என்கேஜ். மறுபடியும் என்கேஜ். பாவி மனுஷன், யாரோடுதான் இப்படிப் பேசுகிறார் என்று பல்லைக் கடித்தாள். அவர் ஒவ்வொரு தோட்டத்துப் பள்ளிக்கூடமாகக் கூப்பிட்டு, கதவைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவழியாகக் கிடைத்தார்.

"சேர், எங்க லயத்துக் கோல் போகல்ல. பேரை எடுங்க சேர், உடனே எடுங்க."

"யாருட பேரை? எடுத்தாச்சுன்னுதானே காட்டுது?"

"எடுத்த பெட்டி செத்துருச்சு. அதோட பேர் அப்பிடியே இருக்கு. நீங்க கையால எடுத்தாத்தான் மத்தது தொடும்."

எதை அழித்து எதைத் தட்டவேண்டும் என்று சொன்னாள். அவர் தட்டினார். பெயர் போனது. சும்மா நின்ற பெட்டி அந்த நொடியே வேலையை வாங்கிக்கொண்டது. அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்கிறீர்கள்? மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

கோல் போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போனது. எடுக்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'எடுங்க சித்தி, எடுங்க' என்று வாய்விட்டுச் சொன்னாள். கீழே இருந்து ராசிக் நானா, "என்ன புள்ள, யாரோட பேசுறீங்க?" என்று கேட்டார்.

இருட்டுகிற நேரத்தில் யாருடையதோ போனிலிருந்து அம்மா கோல் எடுத்தாள். அம்மாவின் குரலைக் கேட்டதும் கேஷிகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கொழுந்து நிறுக்குற எடத்துல இருந்தேன், எனக்கு ஒன்னும் இல்ல. லயத்துக்குப் பின்னால மண்ணு எறங்கிருச்சு. மத்தவங்க முன்வாசலால ஓடித் தப்பிச்சிட்டாங்க. பூரணி குசினிக்குள்ள மாட்டிக்கிட்டா. எங்கன கெடக்குறான்னு ஒருத்தருக்கும் தெரியல்ல. அப்பதான் போன் அடிச்சுச்சு புள்ள, தகரத்துக்கு அடியில. நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தத்த வச்சுத்தான் தோண்டுனோம். உசிரு இருக்கு. காலு ரெண்டும்தான்..."

அம்மா அழுதாள். அழுகைக்கு நடுவே, "ஒன் பெரட்டுதான் கூப்புட்டுச்சு, ஒன் பெரட்டுதான் அவள காப்பாத்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கேஷிகாவுக்கு அதைக் கேட்கவே முடியவில்லை.

விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் குறையைத் திறந்தாள். பக்கத்தில் திலக்ஷனின் பெயர் இருந்தது. அதைச் சொடுக்கி எடுத்தாள். ஆயிஷா அனுப்பிய திருத்தத்தை வாசித்துப் பார்த்தாள். செத்த பெட்டியின் பெயரைக் கொஞ்ச நேரத்தில் தானாக அழித்துவிடும், வேறொன்றும் இல்லை. சோதித்தாள், சேர்த்தாள். ராசிக் நானா அனுப்பிய தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை காலம் கிடந்தது இதற்குத்தானா என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. திலக்ஷனுக்கு, "உன் பேரை எடுத்துவிட்டேன், கோவிக்காதே" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள்.

ஹட்டனில் மாறி, தலவாக்கலையில் மண் அள்ளும்வரை பஸ் நின்றபோது போன் சிணுங்கியது.

"கோவமா? நீ எப்ப எடுப்பன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன் கேஷி. பிள்ள பொறந்துச்சு, வேல மாறுச்சு, அதத் தொறந்து பாக்கவே நேரமில்ல. கேட்டு வாங்கின நிரைய ஏலாதுன்னு சொல்ல வெக்கமா போச்சு. நீயும் ஒன்னும் கேக்கல்ல. அப்பிடியே விட்டுட்டேன். தேங்ஸ்."

அவள் அதை ரெண்டு தரம் வாசித்தாள். அவன் அவளுக்காகக் காத்திருந்தான், அவள் அவனுக்காகக் காத்திருந்தாள். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ரெண்டாம் வாரமே, "முடியாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் மூன்றாம் வாரம் பெயரைத் தூக்கியிருப்பாள். பொகவந்தலாவை லயத்தானும் டயகம லயத்தாளும் சேர்ந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, உடம்பெல்லாம் ஒரே அசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா நின்றிருந்தாள். லயத்து ஆட்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி நெற்றியில் நெட்டி முறித்தாள். யாருக்குமே மறுப்புச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. உள்ளே போய்ப் பூரணி சித்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே போர்வை மூடியிருந்தது. அந்தப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

பூரணி சித்திதான் முதலில் பேசினாள்.

"கேஷி, சேருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். என் பேரை எடுத்துறச் சொல்லு."

"ஏன் சித்தி?"

"எம் பொறுப்புல குடுத்த வேலைய நான் செய்யல்ல புள்ள. மத்தியானத்துலருந்து ஆளு மாத்தி ஆளு வந்து கேட்டாங்க, 'பூரணி, போயிருவோமா, போயிருவோமா'ன்னு. கோல் வரல்ல, வந்தா நான் சொல்றேன்னு நாந்தான் எல்லாரையும் நிப்பாட்டி வச்சேன். அப்புறம் பாத்தா கோல் வந்துருக்கு. அத்தன தரம் அடிச்சிருக்காம். நான் எடுக்கல்ல. அடுப்படியில புகை, மழைச் சத்தம், காதுல விழல்லியோ என்னமோ. நல்ல வேள வேற யாருக்கும் ஒன்னும் ஆகல்ல. ஆகியிருந்தா நான் எப்பிடி மூஞ்சியக் காட்டுவேன்? வேற நல்ல ஆளா பாத்துக் குடுக்கச் சொல்லு."

தோட்டத்தில் பிறந்து, நாட்சம்பளக் கணக்கில் விழும் பேருக்காகவே உழைத்து, நிரைக்காக ஊரைக் கூட்டிச் சண்டை போட்டவள். அவளே தன் பெயரை எடுக்கச் சொல்கிறாள். செய்யாத தப்புக்கு. இந்த மட்டில் பேசாமல் எழுந்து போய்விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பிரதாப் சேருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"சித்தி, மண்ணு எறங்குற வரைக்கும் கோல் வரவே இல்ல. மண்ணு எறங்குன பொறகுதான் வந்துச்சு. நீங்க எடுக்காம விடல்ல."

"ஏன் பிந்துச்சு?"

"ஒங்களக் கூப்புட வேண்டிய பெட்டி பாதியில செத்துருச்சு. அதோட பேர் வேலை மேலயே இருந்துச்சு. பக்கத்துல சும்மா நின்ன பெட்டி, அடுத்தவங்க நிரைன்னு தொடல்ல."

பூரணி சித்திக்கு அது விளங்கியது. விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை.

"அது சரிதானே, அது எப்பிடித் தொடும்?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆளு விழுந்தது தெரிஞ்சா கங்காணி மாத்தி விட்டுருக்கணும். கங்காணி எங்க போனாரு?" என்று கேட்டாள்.

"கங்காணி நாந்தான் சித்தி" என்றாள் கேஷிகா. "இப்பிடி ஆகும்னு எனக்கு முந்தியே தெரியும். சரிபண்ண ஒருத்தர்ட பேரைப் போட்டு வச்சிட்டு, அவர் செய்வாருன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

பூரணி சித்தி அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று கேஷிகா காத்திருந்தாள். அன்றைக்கு இஸ்தோப்பில் கேட்ட அந்தச் சத்தம் இப்போது வந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை. சித்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே மழை விட்டபாடில்லை.

திரும்பாமலே சொன்னாள்.

"அப்ப என் பேரை எடுக்காத."

"சரி சித்தி."

"போன் நனஞ்சு போச்சு. வேற ஒன்னு தரச் சொல்லு."

கேஷிகா சரி என்று தலையாட்டிவிட்டு, பிரதாப் சேருக்குப் போன் பண்ண வெளியே வந்தாள்.